மண்டுவின் கன்னம்

அறை விழுந்த பின், சிரிப்பு கிளம்பும் முன், யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு திரும்ப ஓடவிட்டாள். முதலாளி கத்துகிறார், முதலாளியம்மா பதிலுக்குக் கத்துகிறாள், தட்டு உருண்டு விழுகிறது, பளார். அதன் பிறகு அந்த மூச்சு. அப்புறம்தான் அரங்கமே குலுங்கும் சிரிப்பு. ஏசியின் உறுமலும் பழைய நாடாச் சுருளின் புளித்த வாடையும் தவிர வேறெதுவும் இல்லாத அந்த ஜன்னலற்ற ஒலிப்பதிவுக் கூடத்தில், சுவரில் பதித்த பஞ்சுப் பலகைகள் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிட, அந்த மூச்சு மட்டும் விழுங்கப்படாமல் அவள் பிடரிக்குப் பின்னால் நின்றது.

‘எங்க வீட்டுக் கூத்து’. ஒரு காலத்தில் ரேடியோவில் அது வரும் நேரம் தெருவில் ஈ காக்கை இருக்காதாம். இப்போது வானொலி நிலையம் அதைத் தூசு தட்டி மறுபடி போடப்போகிறது, ரேடியோவிலும், செல்போனிலும். விளம்பரத்துக்குக் கீழே ஊரே உருகி எழுதியிருந்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கலாம், ஒரு விரசம் உண்டா, அதுவல்லவோ நகைச்சுவை. அந்தச் சுத்தமான நகைச்சுவையில் மண்டு என்று ஒரு வேலைக்காரி. அவளுக்கு வசனமே கிடையாது. தட்டைக் கீழே போடுவாள், அறை வாங்குவாள். ஊர் சிரிக்கும்.

நாடாவின் இரைச்சலை நீக்கிக் கொடுப்பது இவள் வேலை. குடும்பத்தில் முதல் முதலாகப் பட்டம் வாங்கியவளுக்கு, அம்மா பெருக்கிக் கூட்டிய அதே நிலையத்தில், என்றைக்கு வேண்டுமானாலும் போகக்கூடிய ஒப்பந்த வேலை. ஒரு நொடியைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் அதையே சுழலவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மத்தியானம் முழுக்கச் சுழலவிட்டாள். பளார். பளார். பளார். நீக்க நீக்க மூச்சு தெளிவாகிக்கொண்டே வந்தது. சூட்டுப் பாத்திரத்தை வெறுங்கையால் தொட்டுவிட்டவர் இழுக்கும் மூச்சு. எங்கேயோ கேட்ட மூச்சு.

வீட்டுக்குப் போனால், அம்மா விளக்குப் போடாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். இடது கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது.

“என்னம்மா இது?”

அம்மா வலது காதை இவள் பக்கம் திருப்பினாள். இடது காது கேட்காது. காய்ச்சலில் போனது என்பாள்.

“பல்லுடி. மத்தியானத்துல இருந்து விண்ணு விண்ணுனு தெறிக்குது.”

“பல்லு வலிக்கு விரல் தடம் விழுமா?”

“டிகிரி வாங்கினா டாக்டர்னு நெனப்போ? போய் மூஞ்சியக் கழுவு.”

பால் சட்டியை இறக்கும்போது விளிம்பு சுட்டது. அம்மா மூச்சை உள்ளே இழுத்தாள்.

மத்தியானம் முழுக்க ஹெட்போனில் கேட்ட அதே மூச்சு.

மறுநாள் தயாரிப்பாளர் வந்து அவள் நாற்காலி முதுகில் கைபோட்டு நின்றார். இந்த மறு ஒலிபரப்புக்காகவே ஓய்விலிருந்து கூட்டிவரப்பட்ட பெரிய மனிதர். அந்தக் காலத்தில் முதலாளி வேஷம் கட்டியவரும் அவர்தான்.

“அந்த அறைச் சத்தம் எப்படி சார் எடுத்தீங்க?”

“கேட்டியே ஒரு கேள்வி, பாப்பா!” அவர் முகம் மலர்ந்தது. “கையத் தட்டிப் பாத்தோம். செருப்பால மேசைய அடிச்சுப் பாத்தோம். ஒண்ணும் தேறல. அப்ப விளக்கமாத்தோட ஒருத்தி நின்னுட்டிருந்தா. இங்க வாம்மான்னேன். ஒரே அடி! அதுக்கப்புறம் வாராவாரம் அவதான். மைக்குக்குன்னே செஞ்ச மாதிரி கன்னம்!”

“அது எங்க அம்மா.”

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார். “அடடே! முன்னாடியே சொல்லக் கூடாதா? சிறப்பு விருந்தினரா உக்காரவெச்சு நாலு வார்த்தை பேச வெச்சிருக்கலாமே!”

அவர் போனதும் கணினியில் ஏற்றியிருந்த எல்லாப் பகுதிகளிலும் அறையைத் தேடினாள். ஓடவிட்டுக் கேட்கவில்லை. திரையில் ஓடும் ஒலிக்கோட்டில் முள்ளாக நீட்டிக்கொண்டு நின்ற இடங்களைக் கண்ணால் பார்த்தே ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தாள். வேலை போனால் மயிரே போச்சு. அன்று மாலை அம்மாவின் கன்னம் வடிந்திருந்தது. “பாத்தியா, பல்லுதான்” என்றாள் அம்மா. இவள் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒலிபரப்பு அடுத்த நாள். அந்தி மங்கும் நேரம் பஸ்ஸைவிட்டு இறங்கியவளின் செல்போன் அடித்தது.

“என்ன பாப்பா, அறையையே காணோம்? நல்லவேளை, மூல நாடா கையில இருந்துச்சு. நானே திரும்பச் சேத்துட்டேன். அறை இல்லாம என்ன கூத்து? இந்தா, ஆரம்பிக்கப் போகுது, கேளு!”

பெட்டிக்கடை ரேடியோவில் தட்டு உருண்டது.

பளார். கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இரண்டு எட்டு வைப்பதற்குள் மாடி வீட்டுச் செல்போனில் அதே தட்டு. பளார். செல்போனில் எல்லாம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். ஒவ்வொன்றில் ஒவ்வொரு அளவு பிந்தி. அவளுக்குத் தெரியும். அதுதான் அவள் வேலை.

ஓடினாள்.

எதிர் வீடு. பளார். தையல் கடை. பளார். தெரு விளக்குகள் இன்னும் எரியவில்லை. ஒரே அறை, ஜன்னல் ஜன்னலாக, அவளுக்கு முன்னால் ஓடியது.

கதவு திறந்து கிடந்தது. உள்ளே இருட்டு.

“அம்மா.”

அம்மா அடுப்படி நடுவில் நின்றிருந்தாள். கைகளைத் தொங்கவிட்டு. தோளை ஒடுக்கி. மைக்குக்கு முன்னால் நிற்பவளைப் போல. தலை வலப்பக்கம் வெட்டித் திரும்பியது. நேரானது. திரும்பியது. நேரானது.

பாய்ந்துபோய் அந்த இடது கன்னத்தைத் தன் உள்ளங்கையால் மூடினாள். கொதித்தது. அம்மா அசையவில்லை.

பக்கத்து வீட்டில் தட்டு உருண்டது.

பளார்.

அவள் கையிலிருந்து. அவளுடைய கையிலிருந்தே.

அம்மா மூச்சை உள்ளே இழுத்தாள். வலது காதைத் திருப்பவில்லை. இனி எந்தக் காதும் கேட்காதவளைப் போல, உரத்து, ஆவலாக, மகளின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

“சிரிக்கிறாங்களாடி?”

தெரு சிரித்தது. அடங்கியது. அதற்கடுத்த வீட்டில், தட்டு உருளத் தொடங்கியது.