குமட்டூசி

ஞாயிற்றுக்கிழமைகளில் தமயந்தி மூன்று தடவை குளிப்பாள். முதலில் வெறும் வெந்நீர். அடுத்து மணநீக்கிப் பொடி. அது தோலை உரிப்பதுபோல் எரியும். கடைசியாகத் தலைக்கு. எண்ணெய், பவுடர், பூ எதுவும் கூடாது. இல்லத்தில் தரும் வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு, குளியலறை வாசலில் பதித்திருக்கும் மணமானியின் முன் இரண்டு கைகளையும் தூக்கி நிற்க வேண்டும். அது அவள் அக்குளை மோந்துவிட்டு ஓர் எண்ணைக் காட்டும்.

"நாய் மோந்து பாக்கற மாதிரியே இருக்குதுடி," என்று பின்னால் வரிசையில் நின்ற ஜெரினாக்கா முனகினாள். "கல்யாணத்தன்னிக்குக்கூட நான் இப்படித் தேச்சுக் குளிச்சதில்ல."

"கொஞ்சம் தள்ளுக்கா. என்ற புள்ள வந்துருவா."

மணமானி சுழியம் காட்டியது. நான்கு மாதங்களாக அதே சுழியம்தான்.

திருப்பூரில் ஒருத்தியே இருபது தையல் ரோபோக்களை மேய்க்கும் காலம் அது. பதினான்கு மணி நேர ஷிப்டில் கழுத்து விண்ணென்று தெறிக்கும்போது, மூக்கில் இரண்டு சொட்டு 'மிதப்பு' விட்டுக்கொண்டால் வலியும் போகும், பொழுதும் போகும். தமயந்திக்கு அதில் வேலை போனது. வயிற்றில் முகில் ஆறு மாதமாக இருந்தபோது உயிரும் போகப் பார்த்தது. கணவன் சென்னியப்பன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்து, நொய்யல் கரையிலிருக்கும் இந்தத் தாய்சேய் மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தான். முகில் பிறந்தது இங்கேதான்.

தாய்க்குச் சிகிச்சை, பிள்ளைக்குத் தடுப்பு, ஒன்றில்லாமல் மற்றது கிடையாது என்பது இல்லத்தின் விதி. மிதப்பின் பசி அடங்கத் தாய்க்கு மாற்று மருந்து. அவள் வழியில் போகாமலிருக்கப் பிள்ளைக்குத் தலைமுறைக் காப்பு ஊசி. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் குமட்டூசி. போட்டுக்கொண்ட பிள்ளைக்கு மிதப்பின் வாடை பட்டாலே குடல் புரளும். ஆயுசுக்கும் அதைத் தொடாது.

ஒன்றை மட்டும் யாரும் முன்னதாகச் சொல்லவில்லை. மாற்று மருந்தும் மிதப்பின் பங்காளிதான். வேர்வையில் அதே வாடை கசியும். ஊசி போட்ட மறுநாள் மூத்தவள் நிறைமதி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட தோளிலேயே வாந்தியெடுத்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும் என்றார்கள். தமயந்தி பல்லைக் கடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினாள்.

பார்வையாளர் அறையில் மகள் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். இரட்டைச் சடையை அப்பா கோணலாகப் பின்னிவிட்டிருந்தார்.

"கிட்ட வா கண்ணு. இன்னிக்கும் வாடையே இல்ல. மெஷினே சொல்லிருச்சு."

நிறைமதி ஓரடி வைத்தாள். தொண்டை ஏறி இறங்கியது. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அங்கியே நில்லுங்கம்மா."

"மூக்கப் புடிச்சுக்கிட்டு வா சாமி."

"மூக்கு இல்லீங்கம்மா." குழந்தைக்குக் கண்ணில் நீர் முட்டியது. "உங்க மூஞ்சியப் பாத்தாலே வருதுங்க."

தமயந்தி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

டாக்டர் சௌந்தரம் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மூக்கு படிச்ச பாடத்தை மூளை முகத்தோட சேர்த்து எழுதிக்கிச்சு. விரிவான காப்புன்னு சொல்லுவோம். ஊசி ரொம்ப நல்லாப் பிடிச்சிருக்கு."

"எப்பங்க போகும்?"

"போறதுக்கா போடறோம்?"

சோற்றில் கிடந்த மயிரைப் பல்லில் உணர்ந்ததுபோல் தமயந்திக்கு உடம்பு கூசியது. இத்தனை நாள் தன் உடம்பைத்தான் அசிங்கம் என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தாள். அந்தச் சிரிப்பை எந்தப் பொடி போட்டுக் கழுவுவது?

டாக்டர் கைப்பலகையை நீட்டினார். முகிலுக்கு அடுத்த வாரம் ஒரு வயது முடிகிறது. பெற்றவர்கள் இருவரும் ஊசிக்குச் சம்மதித்துவிட்டால் சிகிச்சை நிறைவு. இன்றைக்கே குடும்பமாக வீட்டுக்குப் போகலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சென்னியப்பனின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.

"படிச்சுப் பாத்துத்தான் போட்டீங்களா மாமா?"

"பாத்துத்தான் போட்டேன்." அவன் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னான். இந்த ஒன்றேகால் வருடத்தில் அவள்முன் ஒருநாளும் மூக்கைச் சுளிக்காதவன் அவன் ஒருவன்தான். "மதி கிளாஸ்ல பதினோரு புள்ளைங்க சொட்டு விட்டுப் பாத்திருக்குதுங்க. ஒம்பது வயசு, தமி. கூட இருந்தும் இவ ஒருத்திதான் தொடல. உன்னையத் தூக்கிட்டு ஓடினேன். இவனையும் ஒருநாள் அப்படித் தூக்கிட்டு ஓட என்ற ஒடம்புல தெம்பில்ல."

அவன் சொன்னதில் பொய் இல்லை. இடுப்பிலிருந்த முகில் அவள் கழுத்தில் மூக்கைப் புதைத்து, எச்சில் ஒழுக, பால் வாடையைத் தேடிக்கொண்டிருந்தான். பிறந்து எட்டு மாதம் மருந்து வாடையோடுதான் அவன் அவளை அறிந்திருந்தான்; ஊசி அதையும் அவள் முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வீட்டுக் கூடத்தை நினைத்துப் பார்த்தாள். நாலு பேரும் சேர்ந்து உட்காரும் கூடம். அவள் நுழைந்ததும் இரண்டு பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடும் கூடம்.

கைப்பலகையைத் தள்ளி வைத்தாள். "நான் போடலீங்க."

"அப்ப இன்னும் ஒரு வருஷம் இங்கேதான்," என்றார் டாக்டர். "உங்களைக் கட்டிக்க ஒரு பிள்ளை வேணும்னு அவனை ஆபத்துல விடறீங்க. இது சுயநலம்மா."

"பாதி நெசந்தானுங்க. மீதிப் பாதியும் கேளுங்க. அந்தக் கருமத்துல விழுந்து எந்திரிச்சவ நானு. அது என்ன பண்ணும்னு நானே இவனுக்குச் சொல்லித் தர்றேன், தெனமும். அம்மான்னா குமட்டல்னு ஒரு ஊசி வந்து சொல்லித் தர வேண்டாம்."

சென்னியப்பன் கைப்பலகையை எடுத்து டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தான். கோபமா, களைப்பா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை என்ன கொண்டாரட்டும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்தான்.

வெளிக்கதவு வரை போன நிறைமதி நின்றாள். அப்பாவின் கையை உதறினாள்.

"அம்மா, தம்பிய அப்பாகிட்டக் குடுத்துட்டு அசையாம நில்லுங்க. பேசவும் கூடாது."

தமயந்தி அப்படியே நின்றாள். மகள் ஆழமாக மூச்சை இழுத்துப் பிடித்து, கண்களை இறுக மூடிக்கொண்டு, கைகளை முன்னால் நீட்டியபடி மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்தாள். முதலில் சேலை கையில் பட்டது, பிறகு இடுப்பு. கட்டிக்கொண்டாள். சின்ன உடம்பு முழுவதும் விறைத்துக் கிடந்தது. முதுகுத்தண்டு அதிர்ந்தது. தமயந்தி கையைத் தூக்கி அவள் தலையில் வைக்கப்போய், வைக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

மூச்சு தீர்ந்ததும் நிறைமதி வெளியே ஓடிப்போய்ச் சாக்கடையோரம் குனிந்தாள். காலையில் தின்ற இட்லியெல்லாம் வந்தது. சென்னியப்பன் ஒரு கையில் முகிலை இடுக்கிக்கொண்டு, மறுகையால் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"இருவது எண்ணினேன்," என்றாள் அவள், வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல். "அடுத்த வாரம் இருவத்தஞ்சு."

தமயந்தி ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். பாதி வழியில் அதைத் தரையில் வைத்துவிட்டு, மகள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று பின்னால் நகர்ந்தாள்.