கோலி பாட்டிலில் எகிப்துப் பானம்

சிந்துஜா செய்த பானம் ஆயிரமாயிரம் வருடப் பழசு. செய்து என்னவோ மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

பழைய எகிப்து மக்களின் பானம் அது. பார்லியை முளைகட்டி, அரைத்து, அரைவேக்காட்டு ரொட்டியாகச் சுட்டு, பேரீச்சம்பழத்தோடு தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கவிட வேண்டும். இன்று மதியம் மஞ்சக்குப்பம் பள்ளியில் கண்காட்சி.

"பார்வைக்கு மட்டும்தான். யாரும் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. ஜாடி வாயைத் துணியால கட்டி வை, போதும்" என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

ஆனால் பேரீச்சம்பழ வாசனைக்குத் துணியையும் மீறி எறும்பு வந்தது. அதனால் நேற்று மாலை பானத்தைக் கோலி சோடா பாட்டிலில் ஊற்றித் தலைகீழாக நிறுத்தினாள். காலையில், உள்ளே உண்டான காற்றே கோலியைத் தள்ளி வாயை இறுக அடைத்திருந்தது. இனி ஒரு எறும்பு நுழையுமா? பாட்டிலைப் பெருமையாகச் சன்னல் திட்டில் வைத்தாள்.

வெயில் ஏறியது. பாட்டிலுக்குள் குமிழ்கள் விறுவிறுவென்று மேலேறின.

"சேரா, இது ஏன்டா இப்பிடி நுரைக்குது?"

மாமா மகன் சேரன் எட்டிப் பார்த்தான். "சூப்பர்! எல்லார் முன்னாடியும் கோலிய அமுக்குனா புஸ்ஸுனு பொங்கும். பர்ஸ்ட் பிரைஸ் நமக்குத்தான்!"

'டிக்' என்றது பாட்டில்.

சிந்துஜா ஓரடி பின்வாங்கினாள். போன கோடையில் தெருமுனையில் சோடாக் கடை வைத்திருக்கும் சிங்காரம் மாமாவிடம் ஒரு பாட்டில் வெடித்து, கண்ணாடித் துண்டுகள் தெருவரை பறந்தன. இங்கே சன்னலுக்குக் கீழேயே தூளியில் தம்பிப் பாப்பா தூங்குகிறான். அம்மா தெருக்குழாய்க்குப் போயிருந்தார்.

சேரன் பாட்டிலை எடுக்கக் கை நீட்டினான்.

"தொடாதடா! குலுங்குனா வெடிச்சிரும்."

மூச்சை அடக்கிக்கொண்டு தூளியிடம் போனாள். பாப்பாவை அள்ளினாள். அவன் 'வீல்' என்று கத்தினான். சிந்துஜா திரும்பிப் பார்க்காமல் சேரனோடு வாசலுக்கு வந்து, கதவைச் சாத்தினாள்.

"ஓடிப் போயி சிங்காரம் மாமாவக் கூட்டிட்டு வா."

"அவரு தொறந்தா கேஸ் எல்லாம் போயிடுமே! அப்புறம் கண்காட்சியில என்னத்தக் காட்டுவ?"

"போனா போவுது. ஓடுடா!"

சேரன் ஓடினான். அந்த நேரம் பார்த்து அம்மா குடத்தோடு வந்தார்.

"அம்மா, உள்ள போவாதீங்க! பாட்டில் வெடிக்கப் போவுது. நான்தான் அடைச்சி வச்சேன்."

அம்மாவின் இடுப்பிலிருந்த குடம் தளும்பியது. திட்டுவதற்குள் சிங்காரம் மாமா வந்துவிட்டார். கையில் நனைந்த சாக்கு, கோலியை அமுக்கும் கட்டை. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மெதுவாக உள்ளே போனார்.

எல்லாரும் கதவையே பார்த்தார்கள். பாப்பாகூட அழுகையை நிறுத்திவிட்டான்.

"புஸ்ஸ்ஸ்ஸ்!"

சிங்காரம் மாமா வெளியே வந்தார். மீசையெல்லாம் நுரை. காதில் ஒரு ரொட்டித் துணுக்கு.

"ஏம்மா, என் கடைக்கே போட்டியா? நல்ல வேளை, நீங்க யாரும் கையில எடுக்கல." சாக்கை உதறினார். "இதுல கேஸ் சோடாவ விட ஜாஸ்தி!"

அம்மா சிந்துஜாவையும் பாப்பாவையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். திட்டு மட்டும் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது.

மதியம் கண்காட்சியில், பரிசு கொடுக்க வந்தவர் சிந்துஜாவின் மேசை முன் நின்றார். இப்போது பாட்டில் வாயில் துணிதான் கட்டியிருந்தது.

"என்னம்மா, பாட்டில்ல கால்வாசிதான் இருக்கு?"

சிந்துஜா நிமிர்ந்து சொன்னாள்: "மீதிய பாக்கணும்னா எங்க வீட்டுக்குத்தான் வரணும் சார். சுவத்துல இருக்கு!"