வியாழக்கிழமைத் தொட்டி

நஃப்லாவின் மீன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் செத்தன. மூன்று வாரங்களில் நான்கு போய்விட்டன. மிச்சம் இரண்டு: மாலுமி, அவன் மனைவி.

“இந்த ஞாயிறு ஆருக்கு ஜனாஸா, எங்க அடக்கம்?” என்று அவள் அண்ணன் றிஸ்வான் நானா கேலி செய்தான்.

உம்மா சிரிக்கவில்லை. “இதுகளும் செத்தா, தொட்டியில கோழிக்குத் தண்ணி வைப்பன்.”

வவுனியாவில் அவர்கள் வீடு வியாழன் மாலைகளில் கழுவப்படும். விடிந்தால் வெள்ளி, ஜும்ஆத் தொழுகை. குசினி அடுப்படியையும் கதிரைக் கால்களையும் தேய்த்து முடித்ததும், உம்மா மீன்தொட்டித் தண்ணீரை முழுதாக மாற்றி, கற்களைக் குழாயடியில் போட்டுப் பளபளவெனத் தேய்ப்பார்.

நஃப்லா, வளர்ப்பு மீன் விற்கும் அப்புத்துரை மாமாவிடம் போனாள். தண்ணீர் மாற்றும்போது துளிமருந்து விட்டாயா என்று அவர் கேட்டார். ஒவ்வொரு முறையும் விட்டிருந்தாள். போத்தலில் எழுதியிருந்ததை அன்றுதான் முழுதாக வாசித்தாள். குழாய்த் தண்ணீரின் குளோரினை அது நீக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா என்ற நஞ்சை ஒரு நாளளவு அடக்கி வைக்கும்.

ஒரு நாள்தான். பிறகு?

மாமாவுக்கும் தெரியவில்லை. ஆனால் அவருடைய தொட்டியில் மீன்கள் துள்ளின. கற்களில் பழுப்பாக ஏதோ வழுவழுத்தது.

“மாமா, இந்தக் கல்லுகளை எப்ப கழுவினனீங்கள்?”

மாமா கூரையைப் பார்த்தார். “உம்மாட்டச் சொல்லிப்போடாத. போன வருசம்.”

நஃப்லாவுக்குத் தயிர்முட்டி ஞாபகம் வந்தது. எல்லாவற்றையும் கழுவும் உம்மா, ஒரு கரண்டி பழைய தயிரை மட்டும் அந்த மண்பானையில் உறைக்கு வைத்துக்கொள்வார். அதிலுள்ள பற்றீரியா என்ற நுண்ணுயிர்தான் பாலைத் தயிராக்குகிறது. இந்தக் கற்களிலும் நஞ்சைத் தின்னும் பற்றீரியா இருக்குமோ? அப்படியென்றால் வீட்டில் வியாழன்தோறும் அதைக் கழுவி ஊற்றிவிடுகிறார்கள்!

சாப்பாட்டுப் பெட்டி நிறைய மாமாவின் அழுக்குக் கற்களை அந்தத் தொட்டித் தண்ணீரோடு வாங்கி வந்து தன் தொட்டியில் போட்டாள்.

வியாழன் மாலை உம்மா பிரஷோடு வந்தார். நஃப்லா குறுக்கே நின்றாள்.

“உம்மா, இது உறை. நீங்க தயிர்முட்டியக் கடைசிவரை வழிக்கிறேல்லதானே?”

உம்மா பிரஷைத் தாழ்த்தினார். கண்ணாடியை வெளியே தானே துடைப்பதாகவும், துளிமருந்து விட்ட தண்ணீரில் ஒரு செம்பு மட்டும் மாற்றுவதாகவும் நஃப்லா சொன்னாள்.

“சரி. அடுத்த வியாழன்வரை ஒரு கிழமை பாப்பம்.”

ஞாயிறு வந்தது. மாலுமி நீந்தினான். அடுத்த ஞாயிறும் நீந்தினான். ஐந்தாம் ஞாயிறு, கற்களிடையே கண்கள் மட்டுமே தெரியும் பதினொரு குஞ்சுகள். உம்மா பக்கத்து வீடுகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த வியாழன், உதவி செய்ய நினைத்த றிஸ்வான் நானா பிரஷோடு தொட்டியருகே போனான். உம்மா குசினியிலிருந்து ஓடிவந்து அதைப் பறித்தார்.

“கை வைக்காத. அது உறை.”