ஆமைக் கார் போட்ட உறை

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் புதுச்சேரியில் ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள உள்ளே போக வேண்டியதே இல்லை. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தால் போதும். சின்னச் சின்னச் செருப்புகள் ஜோடி மாறி, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால், உள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

குருசுக்குப்பத்தில் ஜெரெமி வீட்டு வாசல் அப்படித்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததோ இல்லையோ, அவன் வகுப்புத் தோழர்கள் நெல்சனும் ரூபியும் ஓடி வந்துவிடுவார்கள். நெல்சன் தேங்காய்த்திட்டிலிருந்து சைக்கிள் மிதித்து வருவான். வழியில் பேக்கரியில் நீள ரொட்டி ஒன்றை வாங்கி, பாதியை வரும்போதே கடித்துத் தின்றுவிட்டு, மீதியைப் பெரிய மனசோடு எல்லாருக்கும் பங்கு வைப்பான்.

இப்போது உங்களுக்கு ஆளுக்கொரு போன், அதில் ஆயிரம் விளையாட்டு. அன்றைக்கு மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர், ஒரே நாற்காலி, ஒரே கார் ரேஸ். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். அந்த நாற்காலிக்கு நடந்த சண்டை இருக்கிறதே, அம்மாடி! ஆனாலும் அந்தச் சண்டையில் இருந்த சந்தோஷம் வேறு எதிலும் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தவர் ஜெரெமியின் சிமோன் மாமா. அம்மாவின் தம்பி. பிரான்ஸில் வேலை. வருஷா வருஷம் அங்கே கோடை லீவு விட்டதும் புதுச்சேரிக்கு வந்துவிடுவார். அந்த லீவை அவர்கள் வீட்டில் 'வக்கான்ஸ்' என்றுதான் சொல்வார்கள். மாமா வந்தால் வீடு முழுக்க சாக்லேட் வாசனையும் செண்ட் வாசனையும் அடிக்கும்.

கம்ப்யூட்டரைக் கொடுத்தது மாமா என்றால், அதற்கு உடுப்பு கொடுத்தது அம்மா ஆனந்தமேரி.

அம்மா தையல்காரர். கான்வென்ட் சிஸ்டர்களிடம் சின்ன வயசிலேயே லேஸ் பின்னக் கற்றவர். ஒரு பொருளை மூடாமல் விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. டி.வி.க்கு உறை, ரேடியோவுக்கு உறை, டெலிபோனுக்கு உறை, தண்ணீர்க் குடத்துக்கு உறை.

"உங்கப்பா கொஞ்ச நேரம் ஆடாம அசையாம உக்காந்தா அவருக்கும் ஒண்ணு போட்டுடுவாங்க" என்பாள் ரூபி ஜெரெமியிடம்.

கம்ப்யூட்டர் உறை மட்டும் தனி ரகம். ஜெரெமி கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்குப் பரிசாக, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்க உட்கார்ந்து அம்மா பின்னியது அது. திரைக்கு இல்லை, பக்கத்தில் நிற்கும் பெட்டிக்கு. மேலே வெள்ளை லேஸ். தூசி நுழையக் கூடாது என்று உள்ளே கெட்டியான நீல சாட்டின் துணி. முன்பக்கம் பட்டனை அமுக்கவும் சிடி போடவும் மட்டும் இடம் விட்டு, பின்பக்கம் தரை வரைக்கும் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். நெற்றியில் ஒரு ரேஸ் காரை வேறு பின்னியிருந்தார்.

பாவம், அது காராக வரவில்லை. பார்க்கிறவர் கண்ணுக்கு அசல் ஆமை. நாலு சக்கரமும் நாலு கால்!

ஜெரெமி ஆமையைப் பற்றி மூச்சு விடவில்லை. "சூப்பரா இருக்குதும்மா!" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கம்ப்யூட்டர் மக்கர் பண்ண ஆரம்பிக்கும் வரை.

ரேஸ் தொடங்கும்போது கார் சீறிக்கொண்டு போகும். கொஞ்ச நேரத்தில் திக்கும். அப்புறம் நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். வளைவில் திருப்பினால் படம் அப்படியே உறைந்துபோகும். மறுபடி உயிர் வரும்போது கார் சுவரில் மோதிக் கிடக்கும்.

"எங்கப்பாவோட போட்டு இதவிட ஸ்பீடா போவும்டா" என்றான் நெல்சன். அவன் அப்பாவுக்கு மீன்பிடிப் படகு இருந்தது. "அடுத்த வாரம் நான் வரலடா. பிரௌசிங் சென்டர்ல இதே கேமு வழுவழுன்னு ஓடுது."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் ஜெரெமிக்கு அது விளையாட்டாகப் படவில்லை. நெல்சன் போனால் ரூபியும் போய்விடுவாள். வாசலில் தன் செருப்பு மட்டும் தனியாகக் கிடக்குமே என்று நினைத்தபோதே அழுகை வந்தது.

கன்னியப்பன் அண்ணனைக் கூப்பிட்டார்கள். லாஸ்பேட்டை காலேஜில் படித்துக்கொண்டே கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர். அவர் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே அம்மா ஓடிப்போய் உறையைக் கழற்றி, மடித்து, பீரோவில் வைத்துவிட்டார். மெக்கானிக் கை பட்டுக் கறை பிடித்தால் போகாதாம்!

அண்ணன் பெட்டியைத் திறந்து பார்த்தார். "இன்னாக்கா இது! ஊர்ல இருக்குற கம்ப்யூட்டர்ல எல்லாம் கடக்காத்து உப்பும் தூசியும் அடைச்சுக் கெடக்கும். இது உள்ள புதுசு மாதிரி மின்னுதே!"

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கேம் போட்டுப் பார்த்தார்கள். கார் பறந்தது.

"நல்லாத்தானே ஓடுது?" என்று அவர் கிளம்பிவிட்டார். அம்மா உறையை எடுத்துப் போட்டார். அடுத்த ரேஸிலேயே பழைய குருடி கதவைத் திறடி என்று திக்க ஆரம்பித்தது.

"இதுக்கு அண்ணனக் கண்டா பயம்" என்றாள் ரூபி.

மறுபடி வந்தார், மறுபடி நன்றாக ஓடியது. அண்ணன் தலையைச் சொறிந்தார். "அப்போ கிராபிக்ஸ் கார்டு பழசாயிருக்கும். திரையில படம் வரையறதே அதுதான். புதுசு மாத்திடுங்க. புது கேமு எல்லாம்கூட ஓடும்."

கிராபிக்ஸ் கார்டு! நேரு வீதிக் கடையின் கண்ணாடி அலமாரியில் அது இருப்பதை ஜெரெமி பார்த்திருக்கிறான். அட்டைப் பெட்டியில் வாளைத் தூக்கிக்கொண்டு ஒரு பச்சைப் பூதம் முறைக்கும். அன்றிலிருந்து அவன் கனவில் எல்லாம் அந்தப் பூதம்தான்.

வக்கான்ஸுக்கு வந்த மாமா வழக்கம்போலக் கேட்டார். "மருமகனே, இந்த வருஷம் உனக்கு இன்னா வேணும்?"

"கிராபிக்ஸ் கார்டு மாமா!"

"அவ்ளோதானே? மாதா திருநாள் முடிஞ்ச மறுநாள் கடைக்குப் போறோம்."

மாதா திருநாள் ஆகஸ்ட் பதினைந்து. அதற்கு முந்தின நாள் அம்மா வீட்டிலிருந்த உறைகளை எல்லாம் உருவித் துவைத்து, கஞ்சி போட்டுக் கொடியில் காயவைத்துவிட்டார். டி.வி., ரேடியோ, டெலிபோன் எல்லாம் குளிக்கப் போகிற குழந்தைகளைப் போல வெற்றுடம்போடு நின்றன.

அன்று பள்ளிக்கூடம் பாதி நாள்தான். மூன்று பேரும் விளையாட உட்கார்ந்தார்கள். நெல்சன் ஜெயித்தான். ரூபி ஜெயித்தாள். மறுபடி நெல்சன். ஒரு இடத்திலும் திக்கவில்லை.

"கன்னியப்பன் அண்ணன் எங்கனா ஒளிஞ்சிருக்காராடா?" என்று நெல்சன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். ரூபி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜெரெமி சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீலத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, ஆமைக் கார் தலைகீழாகத் தொங்கியது.

அவன் தன் முறை வந்தும் உட்காராமல் எழுந்து போய், கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் கையை வைத்தான். உள்ளே இருந்த விசிறி சூடான காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு தடித்த துண்டை எடுத்து வந்து பெட்டியைச் சுற்றிப் போர்த்தினான்.

"ஆடுடா" என்றான்.

நெல்சன் ஆடினான். கொஞ்ச நேரம் ஓடிய கார் திக்கித் திணறிச் சுவரில் மோதியது. துண்டை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பிறகு கார் பறந்தது.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"கார்டு நல்லாத்தான் இருக்குது" என்றான் ஜெரெமி மெதுவாக. "உறைதான் மூச்சு விட முடியாம பண்ணுது. அண்ணன் வரும்போதெல்லாம் அம்மா அத எடுத்துடுவாங்க."

"டேய், வாய மூடிக்கினு இரு!" என்று நெல்சன் பதறினான். "நீ இத சொன்னா மாமா கார்டு வாங்க மாட்டாரு. புது கேமு போச்சு. கார்டு வந்தப்புறம் நைசா உறைய எடுத்துடலாம்."

"அம்மாகிட்ட சொன்னா அழுவாங்கடா" என்றாள் ரூபி. "எவ்ளோ நாளு உக்காந்து பின்னினாங்க!"

இரண்டு பேரும் சொன்னது சரியாகத்தான் பட்டது. பச்சைப் பூதம் வேறு கண்ணுக்குள் வந்து நின்றது. ஜெரெமி வாயை மூடிக்கொண்டான்.

திருநாள் வந்தது. காலையில் கோயில் மணி, கடற்கரையில் சுதந்திர தினக் கொடி, மத்தியானம் பிரியாணி. சாப்பிட்டுவிட்டு ஜெரெமி தண்ணீர் குடிக்கப் போனபோது, அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமா.

"ஏன்க்கா, போன்ல மிஷினுக்கு மோட்டார் வேணும்னியே? மிதிச்சு மிதிச்சு கால் வீங்குதுன்னியே?"

"அது கெடக்குது தம்பி. இந்த வருஷம் அவனுக்குக் கார்டு வாங்கிக் குடு. பசங்க வர்றது நின்னுட்டா அவன் மூஞ்சிய பாக்க முடியாது."

"ரெண்டையும் வாங்கிட்டாப் போச்சு."

"அங்க இன்னா காசு மரத்துலயா காய்க்குது? ஒண்ணு போதும். எனக்கு அடுத்த வருஷம் பாக்கலாம்."

ஜெரெமி தம்ளரைக் கீழே வைத்தான். அம்மாவின் வீங்கிய கால் தெரிந்தது. பூதம் இருந்த இடம் தெரியவில்லை. இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அவனுக்கே வெட்கமாக இருந்தது.

ஆனால் எப்படிச் சொல்வது? "உன் உறையாலதான் கெட்டுது" என்று அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

யோசித்தான். அம்மா கஞ்சி மடிப்பு கலையாமல் மறுபடி போட்டிருந்த உறையோடேயே கம்ப்யூட்டரை ஆன் பண்ணி, கேமை ஓடவிட்டான். நன்றாகத் திக்க ஆரம்பித்ததும் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தான். மாமாவும் பின்னாலேயே வந்தார்.

"அம்மா, உறைக்குள்ள கைய விட்டுப் பாரேன்."

அம்மா கையை விட்டார். "ஐயய்யோ! இன்னாடா இது, காய்ச்சக்காரன் மாதிரி கொதிக்குது!" அவர் யாரையும் கேட்கவில்லை. சட்டென்று உறையை உருவி எடுத்து, முந்தானையால் பெட்டிக்கு விசிற ஆரம்பித்தார். "பாவம், இந்த வெயில்ல மேல இத்தினி துணிய போட்டா அது இன்னா பண்ணும்!"

கொஞ்ச நேரத்தில் திரையில் கார் பறந்தது. அம்மாவின் கை நின்றது. காரைப் பார்த்தார், கையிலிருந்த உறையைப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

"அப்போ... இத்தினி நாளும் நான்தான் இத ஓடவிடாம பண்ணேனாடா?"

"ஓடும்போது எடுக்கத் தெரியாதது எங்க தப்பும்மா" என்றான் ஜெரெமி. "கன்னியப்பன் அண்ணன் சொன்னாரே, ஊர்லயே தூசி இல்லாத கம்ப்யூட்டர் இதுதான்னு! அது உன் உறையாலதானே? தூங்கும்போது போத்திக்கட்டும். எழுந்தா மடிச்சு வெச்சுடலாம். நாமளும் அப்படித்தானே?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உறையை விரித்துப் பார்த்தார். "அப்பவே நெனச்சேன், காரு ஆமை மாதிரி வந்துடுச்சேன்னு. கடைசில கேமும் ஆமையா போயிடுச்சு!" என்று சிரித்துவிட்டார்.

மாமா ஜெரெமியின் தலையைக் கோதினார். "சரி மருமகனே, நாளைக்கு கார்டு?"

பச்சைப் பூதம் மறுபடி எட்டிப் பார்த்தது. எவ்வளவு ஆசைப்பட்ட கார்டு!

"வேணாம் மாமா. இருக்குறதே நல்லா ஓடுது. அம்மாவுக்கு மோட்டார் வாங்குங்க." அப்புறம் அவசரமாக, "கார்டு அடுத்த வக்கான்ஸுக்குப் பாத்துக்கலாம்!" என்றான். மாமா வீடு அதிரச் சிரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்புகள் ஏறிக் கிடந்தன. உள்ளே ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது. முதலில் வந்து ஆமையை மடித்து வைப்பவருக்குத்தான் முதல் நாற்காலி. பிரௌசிங் சென்டரா, அது எங்கே இருக்கிறது என்று கேட்பவன்போல, நெல்சன் பூசை முடிந்ததும் ஒரே ஓட்டமாக வந்து மடித்து வைத்திருந்தான். வழியில் ரொட்டி வாங்கக்கூட மறந்துவிட்டான்.

பக்கத்து அறையில் தையல் மிஷின் விர்ரென்று பாடிக்கொண்டிருந்தது. அம்மா காலை நீட்டி, சுகமாக உட்கார்ந்து தைத்தார்.

மத்தியானம் மிஷின் சத்தம் நின்றது. ஜெரெமி எட்டிப் பார்த்தான். அம்மா வெள்ளை நூலில் சின்னதாக எதையோ பின்னிக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கும்மா?"

"மோட்டாருக்கு" என்றார் அம்மா.

மூன்று பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"இன்னாடா பாக்குறீங்க? ஓடும்போது போட மாட்டேன்!" அம்மா உறையை ஆசையாகத் தூக்கிக் காட்டினார். "நடுவுல தையல் மிஷின் போட்டிருக்கேன் பாரு. எப்படி இருக்குது?"

நெல்சன் ரூபியைப் பார்த்தான். ரூபி கூரையைப் பார்த்தாள். அது அசல் வாத்து.

"சூப்பரா இருக்குதும்மா!" என்று ஜெரெமி அம்மாவைக் கட்டிக்கொண்டான்.