வரியன் எங்கே போனான்?

கரமனை ஆற்றங்கரைச் சந்தில் நடந்தால் நாச்சியாருக்கு நேரம் போவதே தெரியாது. அவளுக்குப் பத்து வயது. கூட வந்த தம்பி தாணுவுக்கு எட்டு. மதிலோரம் தும்பை வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. தாணு தொட்டாச்சிணுங்கிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தூங்கவைத்தபடி வந்தான். செங்கல் நிறச் சிறகோடு ஒரு செம்போத்து குடுகுடுவென்று ஓடிப் புதருக்குள் மறைந்தது.

"அக்கா, நிக்காதே! அம்மை சீக்கிரம் வரச் சொன்னா அல்லே?"

அன்று பிள்ளையார் சதுர்த்தி. வீட்டில் மாலை கட்ட எருக்கம்பூ வேண்டும். சந்தின் கோடியில் ஓர் எருக்கஞ்செடி நின்றது. அந்தப் பக்கத்துக்கே அது ஒன்றுதான்.

நாச்சியார் பூவைப் பறிக்கவில்லை. இலைகளைப் புரட்டிப் புரட்டி வரியனைத் தேடினாள்.

வரியன் ஒரு புழு. உடம்பெல்லாம் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகள். அவள்தான் பெயர் வைத்தாள். எருக்கிலையைக் கிள்ளினால் பசைபோலப் பால் வடியும். அது நஞ்சு. வரியனோ மூன்று வேளையும் அந்த இலையைத்தான் தின்பான். எப்படி? முதலில் இலையின் நடு நரம்பைக் கடித்துவிடுவான். பால் அங்கேயே ஒழுகிவிடும். மீதி இலைக்கு அவ்வளவாகப் பால் போகாது. அப்புறம் சாவகாசமாகச் சாப்பாடு! உள்ளே போன கொஞ்ச நஞ்சும் அவனுக்குக் காவல். கொத்திப் பார்க்கும் பறவை 'தூ' என்று துப்பிவிடும்.

அப்பேர்ப்பட்ட வரியனை எட்டு நாளாகக் காணவில்லை.

"அக்கா, ஆரோ கம்மலைத் தொங்கப் போட்டிருக்கா!" என்று கத்தினான் தாணு.

இலைக்கு அடியில், சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கூடு தொங்கியது. அதைச் சுற்றிப் பொன்மணிகள் பதித்ததுபோலப் புள்ளிகள். கூட்டின் தோல் கண்ணாடிபோல் மெலிந்திருந்தது. உள்ளே ஆரஞ்சு நிறச் சிறகு! கறுப்பு ஓரமும் வெள்ளைப் பொட்டும்கூடத் தெரிந்தன.

நாச்சியார் தாணுவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தொடாதே தாணு. இது நம்ம வரியன்டா! இன்னிக்கே வெளியே வந்திருவான்."

"கொழந்தைகளா, நகருங்கோ!"

அக்கிரகாரத்துப் பிள்ளையார் கோயிலில் மாலை கட்டும் ஸ்ரீனிவாசன் மாமா, கூடையும் அரிவாளுமாக வந்து நின்றார்.

"நேக்கு நூத்தெட்டு பூ வேணும். கொப்போட வெட்டிண்டு போயிடறேன்."

அவர் வளைத்துப் பிடித்தது வரியன் தொங்கிய கொப்பு.

"வெட்டாதீங்க மாமா! அதுல வரியன் இருக்கான்."

"யாருடி அது, உன் கிளாஸ்ல படிக்கறவனா?"

"புழு மாமா. இப்போ பட்டாம்பூச்சி ஆகப் போறான்."

"நன்னாருக்கு! புழுவுக்காகப் பிள்ளையார் காத்துண்டிருக்கணுமா? நேரமாச்சுன்னா அர்ச்சகர் நாகேஸ்வரன் என்னைச் சும்மா விடமாட்டார்."

அவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் கொப்பை வெட்டினால் கூடு உதிர்ந்துவிடும். நாச்சியார் பூக்களைப் பார்த்தாள், அரிவாளைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள்.

"மாமா, உங்களுக்குப் பூதானே வேணும்? நூத்தெட்டையும் நாங்க பறிச்சுத் தாறோம். நீங்க கூடையைப் பிடிச்சாப் போதும். எங்க வீட்டுக்கு அப்புறமாப் பறிச்சுக்கிடுதேன்."

மாமா முனகிக்கொண்டே கொப்பை விட்டார். கூடையைப் பிடித்தார்.

பால் கண்ணில் படாமல், கூடு ஆடாமல், அவள் ஒவ்வொரு பூவாகக் கிள்ளிப் போட்டாள். தாணு எண்ணினான்.

"எழுபத்தஞ்சு, எழுபத்தாறு, எழுபத்தாறு..."

"எழுபத்தாறு எத்தனை தடவைடா வரும்?" என்றார் மாமா.

 தாணு வாயைப் பிளந்து நின்றான்.

கூடு கீழ்ப்பக்கமாகப் பிளந்தது. கால்கள் வந்தன. பிறகு முழு உடம்பும் நழுவி வந்து, காலியான கூட்டைப் பற்றிக்கொண்டு தொங்கியது. ஆனால் சிறகுகள்? நனைந்த துணிபோலச் சுருங்கிக் கிடந்தன.

"ஐயோ, கசங்கிடுத்தே!" மாமா பதறினார். "நான் கொப்பை வளைச்சேனே, அதனாலயோ?"

 நாச்சியார் குனிந்து உற்றுப் பார்த்தாள். பருத்த வயிறு மெல்ல மெல்ல அசைந்தது. சிறகின் ஒரு சுருக்கம் நிமிர்ந்தது. பிறகு இன்னொன்று.

"இல்ல மாமா! வயித்துல இருக்கிற தண்ணியைச் சிறகுக்கு ஏத்துறான். பாருங்க, வயிறு மெலியுது, சிறகு விரியுது!"

சைக்கிள் டியூபில் காற்று ஏறுவதுபோலச் சிறகின் நரம்புகளுக்குள் நீர் ஏறியது. ஆரஞ்சு நிறம் அங்குலம் அங்குலமாக வளர்ந்தது.  மாமா அரிவாளைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார்.

பிறகு நாச்சியாரின் விரல்கள் மட்டும் மெதுவாக வேலை செய்தன. நூற்றெட்டும் கூடையில் விழுந்தன. வீட்டு மாலைக்கும் மடி நிறையப் பறித்தாகிவிட்டது. மாமா நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை.

சந்தின் முனையிலிருந்து அர்ச்சகர் நாகேஸ்வரன் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார்.

"ஓய் ஸ்ரீனிவாசன்! மாலை எங்கே ஓய்? அங்கே பிள்ளையார்..."

மாமா உதட்டில் விரலை வைத்தார்.

"ஷ்ஷ்! கத்தாதேயும் ஓய். வரியனுக்கு இன்னும் சிறகு காயலை!"