மூன்று நாற்பத்திரண்டு

வீடியோ விளையாட்டில் சேமித்துவைத்த பதிவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நேரம், பிற்பகல் 3.42.

குருபிரசாத் இரண்டு தடவை பார்த்தான். அன்றைக்கு ஐந்து மணிக்குக் கோட்டையைப் பிடித்த கையோடு பதிவு செய்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்பா போன நாள் ஆயிற்றே, மறக்குமா? அதற்குப் பிறகு நான்கு மாதமாக அவன் இதைத் தொடவே இல்லை.

“நாளைக்கு மாசிகம். வாத்யார் எட்டு மணிக்கே வந்துடுவார். நான் மாட வீதிக்குப் போய் எலை வாங்கிண்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு அவன் மனைவி ஸ்ரீரஞ்சனி கிளம்பிப் போயிருந்தாள். அப்பாவின் அறையிலிருந்து இன்னும் தைல வாசனை வந்துகொண்டிருந்தது. பத்தே நிமிஷம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஹெட்போனை மாட்டினான். வெட்கங்கெட்ட விரல்கள் பழைய பொத்தான்களைத் தாமே தேடிக்கொண்டன.

மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய எகிப்து. காதுக்குள் மணல் சரசரக்க, தூரத்தில் ஆடுகள் கத்த, அவனுடைய வீரன் வறண்ட வாய்க்கால் ஓரமாக நடந்து, ஆளில்லாத மண் வீடுகளைத் தாண்டி, நிழல் நீண்டு கிடந்த ஒரு சந்துக்குள் திரும்பினான். அங்கே மணிச் சத்தம் கேட்டது.

சின்ன வெண்கல மணி. அவனுக்குத் தெரிந்த மணி.

பக்கவாதத்தில் பேச்சு போனபின் அப்பா ஸ்ரீரங்கனின் தலைமாட்டில் பூஜை மணியை வைத்திருந்தார்கள். தாகமென்றால் ஆட்டுவார். அன்றும் ஆட்டினார். விளையாட்டில் வரும் கோயில் மணி என்று நினைத்ததாகக் குருபிரசாத் பிற்பாடு தனக்கே கதை சொல்லிக்கொண்டான். பொய். கோட்டை வாசலுக்கு வந்தாயிற்று, முடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில், மூணே முக்கால் வாக்கில், மணி நின்றது. அப்பாடா என்றிருந்தது.

ஐந்து மணிக்குப் போய்த் தொட்டபோது அப்பாவின் கை சில்லிட்டிருந்தது. “உசிர் போனது எத்தனை மணிக்கு?” என்று காரியம் பண்ணிவைக்க வந்த வாத்யார் கேட்டார். “அஞ்சு” என்றான். மூணே முக்கால் என்றால், அப்போது நீ எங்கே இருந்தாய் என்று கேட்பார்களே. நாலு மணிக்கே ஏகாதசி முடிந்து துவாதசி வந்துவிட்டதைப் பிறகுதான் பஞ்சாங்கத்தில் பார்த்தான். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மாதா மாதம் மாசிகம் என்று துவாதசியில் எள்ளும் தண்ணீரும் விட்டான். தப்பான திதி. ஒரு சொட்டாவது அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா?

இன்று ஏகாதசி.

வீரன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தான். இருட்டு. கயிற்றுக் கட்டிலில் ஒரு கிழவர். உலர்ந்த உதடு. பக்கத்தில் தண்ணீர்க் குடம். குருபிரசாத் பொத்தானை அழுத்தினான். வீரன் குடத்தை எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினான். வீரன் கிழவருக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் மடிக்கு மேல் சேர்த்துவைத்துக்கொண்டான். கையில் ஒன்றுமில்லை. கட்டை விரல்கள் மட்டும் அசைந்தன. வேகவேகமாக.

கிழவர் திரையைப் பார்த்தார்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். மணி நிற்கவில்லை. அப்பாவின் அறையில் கேட்டது.

“வரேம்ப்பா! கேட்டுதுப்பா... அன்னிக்கும் கேட்டுது!”

சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு ஓடினான். வெறும் கட்டில். தலையணையில் ஒரு பள்ளம். அதன்மேல் சொம்பைச் சாய்த்தான். மடக், மடக். சொம்பு காலி. தலையணை நனையவில்லை.

மறுபடி மணி.

இரண்டாவது சொம்பு. ஐந்தாவது. ஒன்பதாவது.

வாழை இலைக் கட்டோடு ஸ்ரீரஞ்சனி அறை வாசலில் நின்றாள். “என்ன பண்ணிண்டு இருக்கேள்? யாருக்கு இத்தனை ஜலம்?”

அவன் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்தது. அவள் கையிலிருந்த இலைக்கட்டு நழுவியது. அவளும் கட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையணையின் பள்ளம் மெல்ல அவள் பக்கம் திரும்பியது.