கண்ணோட்ட விளக்கு

"இந்த நாட்டுல எதுத்தாப்ல வர்றவனுக்கு மரியாதை குடுக்கற ஒரே சாமான் உன்ற லைட்டுதான் அம்மிணி" என்றான் சென்னியப்பன், தலைக்கவசத்துக்குள்ளிருந்து.

பின்னால் உட்கார்ந்திருந்த துளசிமணி கணவன் முதுகில் ஒரு குத்து விட்டாள். "ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க. நெம்ப இருட்டிப்போச்சு."

ஆனைமலை அடிவாரத்துக் காட்டுச் சாலை. உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் "சாப்பிடாமப் போனா எப்படி?" என்று பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். நாளை காலை கோவையில் போக்குவரத்துக் குழு கூடுகிறது. துளசிமணி வடிவமைத்த விளக்கை எல்லா வண்டிக்கும் கட்டாயமாக்கப் போகிறார்கள். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தும் அவள் கால் ஆடிக்கொண்டிருந்தது.

எதிரே ஒரு லாரி வந்து, சத்தமில்லாமல் கடந்து போனது. முன்பெல்லாம் இந்த இடத்தில் "டிம் அடிடா!" என்று இவன் ஒரு வசவு, பதிலுக்கு அவன் ஒரு வசவு. இருவருக்கும் கண் இருண்டு யாராவது ஒருவன் பள்ளத்தில் போய் விழுவான். இப்போது யாரும் டிம் அடிப்பதில்லை. பெரும்பாலான வண்டிகளில் ஏறிவிட்ட துளசிமணியின் கண்ணோட்ட விளக்கே பார்த்துக்கொள்கிறது. அதன் முகப்பில் கடுகளவு ஒளிப்புள்ளிகள் பல்லாயிரம். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரை அது முன்னால் வீசிக்கொண்டே போகும். பூனைக் கண் இருட்டில் மினுங்குகிறதல்லவா, அப்படி எந்தத் திறந்த கண்ணும் அந்தக் கதிரைத் திருப்பி அனுப்பும். வந்த திசைக்கான புள்ளிகளை மட்டும் விளக்கு அணைத்துவிடும். மற்ற இடமெல்லாம் பட்டப்பகல்.

முதலில் கண்ணைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத்தான் இருட்டு வைத்திருந்தாள். ஆய்வுக்கூடத்தில் அது போதும். நம் சாலையில் போதுமா? சொல்லாமல் கொள்ளாமல் முளைத்த வேகத்தடையில் வண்டி ஒரு குதி குதித்ததும் ஒளி எகிறி எதிராளியின் கண்ணில் குத்தியது. புகார்கள் குவிந்தன. வேகத்தடைகளை ஒழுங்குபடுத்துவது ஆகிற காரியமா? துளசிமணி இருட்டை அகலமாக்கினாள். சாண் முழமாயிற்று. முழம் ஓர் ஆள் உயரமாயிற்று. புகார் நின்றது. சோதனையில் எதிரே நிற்க வைத்த ஒவ்வொருவரையும் "கண் கூசுதுங்களா?" என்று கேட்டார்கள். இல்லவே இல்லை என்றார்கள். ஓட்டியவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"ஏம்மிணி, அந்த உடுமலைப் பையன் ஒருத்தரை இடிச்சுப்போட்டுச் சொன்னானே, 'ஆளே இல்லீங்க, திடீர்னு முன்னால மொளச்சாரு'ன்னு. அது என்னாச்சு?"

"குடிச்சிருப்பான்."

"அவன் டீகூடக் குடிக்கமாட்டானாம்."

"போச்சாது, விடுங்க. நாளைக்கு நல்ல காரியம். இப்பப் போய் அதை எடுக்கறீங்க."

வளைவு திரும்பியதும் சாலை நடுவே ஒரு கருந்திட்டு தெரிந்தது. கருந்திட்டுக்கெல்லாம் பயந்தால் வண்டி ஓட்ட முடியாது. எதிரே வண்டி வந்தால் ஒரு திட்டு, மரநிழல் விழுந்தால் ஒரு திட்டு. சென்னியப்பன் வேகத்தைக் குறைக்கவில்லை. திட்டுக்குக் கொம்பு இருப்பது பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது.

காட்டெருமை. அசையாமல் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தது. மனிதக் கண், மாட்டுக் கண் என்ற பேதமெல்லாம் துளசிமணியின் விளக்குக்குக் கிடையாது. சென்னியப்பன் வண்டியை ஒடித்துத் திருப்பினான். வண்டி சறுக்கி, உருண்டு, ஓரப் பள்ளத்தில் விழுந்தது. எருமை ஒரு சீறல் சீறிவிட்டுப் புதருக்குள் போய்விட்டது.

அவளுக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அவன் தொடையை ஒடிந்த பிரேக் கம்பி ஆழமாகக் கிழித்திருந்தது. துப்பட்டாவை இறுக்கிக் கட்டினாள். கட்டின மேலேயே ஈரம் ஊறியது. கைப்பிடியில் வழிகாட்டிக்கொண்டிருந்த அவன் போன் சுக்குநூறு. அவளுடையது நிச்சயதார்த்தத்தில் படம் எடுத்தே செத்துப்போயிருந்தது.

"மேல போய் ஏதாச்சும் வண்டிய நிறுத்து. எனக்கு ஒண்ணுமில்ல" என்றான். குரலைக் கேட்டால் அப்படித் தெரியவில்லை.

மேட்டில் ஏறி நின்றாள். ஒரு பைக் வந்தது. இரண்டு கைகளையும் ஆட்டினாள். சாலையில் கிடந்த சருகு, சரளைக் கல், அந்தப் பக்கத்து மூங்கில் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. அவள் நின்ற இடத்தில் மட்டும் ஒளி இரண்டாகப் பிரிந்து ஒதுங்கிக்கொண்டது. ஆட்டிய கை அவளுக்கே தெரியவில்லை. "நிறுத்துங்க! ஏனுங்க!" பைக்கின் பக்கக் கண்ணாடி அவள் தோளை உரசிக்கொண்டு போனது. அடுத்து ஒரு வேன், உள்ளே பாட்டு அலறியது. ஓரத்துக்குத் தாவியிருக்காவிட்டால் அவள் கதையும் அங்கேயே முடிந்திருக்கும். கண் மட்டும் கொஞ்சம்கூடக் கூசவில்லை. அந்த வகையில் விளக்கு பிரமாதமாக வேலை செய்தது.

"அட நாசமாப் போற லைட்டே!" என்று கத்தினாள். தன் கையால் செய்ததை இப்படித் திட்டுவோம் என்று அவள் நினைத்ததே இல்லை.

திரும்பிக் கீழே ஓடினாள். விழுந்த வண்டியின் விளக்கு சென்னியப்பனுக்கு நேராகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தபடி கிடந்ததால் அவன்மேல் மட்டும் படவில்லை. விளக்குக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கட்டைத் தடவிப் பார்த்தாள். பிசுபிசுத்தது. வலி தாங்காமல் அவன் கண்ணை இறுக மூடினான். பளீரென்று அவன்மேல் வெளிச்சம் விழுந்தது. வெளுத்த முகம், தொடை, துப்பட்டா முழுக்கச் சிவப்பு.

"கண்ணைத் தொறங்க."

இருட்டு.

"மூடுங்க."

வெளிச்சம்.

"என்ன அம்மிணி," என்று முனகினான், "உசிரு போற நேரத்துல கண்ணாமூச்சி வெளையாடற?"

மேலே வண்டிச் சத்தம் கேட்டது. விழுந்தடித்து ஏறினாள்.

பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். துளசிமணியின் பிழைப்பு அதற்கு நேர்மாறாகிவிட்டது: அவள் கண்ணை மூடினால்தான் உலகத்துக்கு அவள் தெரிவாள். முதுகைக் காட்டி நின்றாலும் வெளிச்சம் விழும்தான். ஆனால் யாரோ நடந்து போகிறாள் என்று ஒதுங்கிப் போய்விடுவார்கள். நடுச் சாலையில், வருகிற வண்டிக்கு முகம் காட்டி, இரண்டு கையையும் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

இமைக்குள் சிவப்புப் பரவியது. சத்தம் நெருங்கியது. வேகம் குறைகிறதா கூடுகிறதா, எந்தப் பக்கம் வருகிறது, ஒன்றும் தெரியவில்லை. ஒரு தடவை பார்த்துவிடு, பார்த்துவிடு என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. பார்த்தால் மறைந்துபோவாள். 'ஆத்தா மாரியாத்தா' என்று பல்லைக் கடித்தாள். கீழே அவன் இருக்கிறான். சிவப்பு பெருகிப் பெருகி ஆரஞ்சாயிற்று. டயர் தேயும் சத்தமும் கருகல் வாடையும் வந்தன. ஏதோ ஒன்று அவள் முழங்காலைத் தொட்டு நின்றது.

"ஏனுங்க்கா, நடுரோட்டுல கண்ண மூடிட்டு நிக்கறீங்க! உசுரு மேல ஆசையில்லீங்களா?"

பால் வண்டி ஓட்டி வந்தவர். பதில் சொல்லக் கண்ணைத் திறந்தாள்.

"ஐயோ! எங்க போனீங்க?" என்று அவர் அலறினார்.

"இங்கதானுங்கண்ணா இருக்கறேன். லைட்டை அணைச்சுப்போட்டு எறங்கி வாங்க. என்ற ஊட்டுக்காரரு கீழ கெடக்கறாரு."

சென்னியப்பன் பிழைத்தான். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் குழுவின் முன்னால் போய் நின்றாள் துளசிமணி. நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். இருட்டை மறுபடி ஒரு சாணாக்க வேண்டும், கொஞ்சம் கண் கூசினால் கூசட்டும் என்றாள்.

"இந்த வருஷம் கண் கூசுதுன்னு ஒரு புகார்கூட வரலையே மேடம்" என்றார் குழுத் தலைவர்.

"அடிபட்டுச் செத்தவங்க எப்படி சார் புகார் குடுப்பாங்க?"

குழுவினர் மூடர்கள் அல்லர். கவனமாகக் கேட்டார்கள், பிரச்சினை உண்மை என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் அத்தனை விளக்குகளையும் கழற்றி மாற்றுவதென்றால் யாரால் ஆகும்? எளிய வழி ஒன்று இருந்தது. அதை மேடமே செய்து காட்டியிருந்தார். விளக்கு கட்டாயமாயிற்று. சாலையோரமெல்லாம் பலகைகள் முளைத்தன: 'இரவில் சாலையைக் கடப்போர் கண்களை மூடிக்கொள்ளவும்.' கொஞ்ச நாளில் பேருந்து நிறுத்தங்களில் சனங்கள் கைகோத்துக்கொண்டு, சாமி கும்பிடுவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு சாலையில் இறங்கப் பழகிவிட்டார்கள்.

காயம் ஆறியதும் சென்னியப்பனைக் காரில் உட்காரவைத்து ஓர் இரவு அதே சாலையில் ஓட்டிவந்தாள். அதே வளைவில் புத்தம்புதுப் பலகை. அவன் அதை உரக்கப் படித்தான்.

"செரி, போர்டு வெச்சாச்சு. அந்த எருமைக்கு யாரு அம்மிணி படிச்சுக் காட்டறது?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னால் சாலையில் ஒரு கருந்திட்டு தெரிந்தது. பிரேக்கை மிதித்து, விளக்கை அணைத்து, கண்ணாடியை இறக்கி இருட்டுக்குள் உற்றுப் பார்த்தாள். மரநிழலா, மாடா, மனிதனா?

பின்னால் வந்த பைக்குக்காரன் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தான். அவள் கையை வெளியே நீட்டி "நில்லுங்க, நில்லுங்க!" என்று கத்துவதற்குள், அவர்களைத் தாண்டிக்கொண்டு நேராக அந்தக் கருந்திட்டை நோக்கிப் போனான்.